பாஸ்த்ரூ கொடுத்த வி.எம் ஹேங் ஆகிறதா? முதலில் நின்றது எது என்று பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. ரைசன் ப்ராசஸரும் 32 ஜிபி ரேமும் உள்ள வீட்டு சர்வர், அதில் ப்ராக்ஸ்மாக்ஸ் (வி.எம்-களை ஓட்டும் லினக்ஸ் அமைப்பு). இரண்டு வி.எம்-கள், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்கள், ஓடுகின்றன. விண்டோஸ் வி.எம்-க்கு 16 ஜிபி ரேம், கிராபிக்ஸ் கார்டு பாஸ்த்ரூ (கார்டை அப்படியே நேராக வி.எம்-இடம் ஒப்படைப்பது). ட்ரூநாஸ் (நெட்வொர்க் சேமிப்புக்கான ஓ.எஸ்) வி.எம்-க்கு 12 ஜிபி ரேம், நான்கு ஹார்ட் டிஸ்க் மாட்டிய ஹெச்.பி.ஏ கார்டு (டிஸ்க்குகளை இணைக்கும் கன்ட்ரோலர்) பாஸ்த்ரூ. சில நாளைக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவில், "எல்லாம் ஹேங் ஆகிவிடுகிறது". பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தால்தான் மீள்கிறது. ரேம் மாற்றியாயிற்று, ப்ராக்ஸ்மாக்ஸை மறுபடி நிறுவியாயிற்று, இணையத்தில் கிடைத்த கர்னல் ஆப்ஷன்கள் பலவற்றைச் சேர்த்தாயிற்று. பயனில்லை. அடுத்து என்ன செய்வது?

முதல் வேலையாக, சேர்த்த ஆப்ஷன்கள் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். அவற்றில் ஒன்று சரியான தீர்வாகவே இருக்கலாம். ஆனால் எல்லாம் ஒன்றாக இருக்கும்போது எது என்ன செய்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏ.எம்.டி போர்டில் பயாஸில் ஐ.ஓ.எம்.எம்.யூ-வை (சாதனங்கள் எந்த நினைவகத்தைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் ஹார்டுவேர்) இயக்கிவிட்டாலே போதும், லினக்ஸ் தானாகப் பிடித்துக்கொள்ளும். தனி ஆப்ஷன் தேவையில்லை. முக்கியமாக ஏ.சி.எஸ் ஓவர்ரைடை நீக்குங்கள். சாதனங்கள் தனித்தனிக் குழுக்களாக (வி.எம்-க்குச் சேர்த்தே கொடுக்க வேண்டிய தொகுப்புகள்) பிரிந்திருக்கின்றன என்று அது கர்னலை நம்ப வைக்கிறது, அவ்வளவுதான். போர்டுக்குள் எதுவும் பிரிவதில்லை.

அடுத்தது, "எல்லாம் ஹேங்" என்ற சொல். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரிகிற நான்கு வேறு வேறு கோளாறுகள் இதற்குள் இருக்கின்றன. வி.எம்-க்குள் இருக்கும் ஓ.எஸ் மட்டும் நின்றிருக்கலாம். அந்த வி.எம்-ஐ ஓட்டும் க்யூஎமு ப்ராசஸ் ஹோஸ்டில் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடும் நிஜ மெஷின்) மாட்டிக்கொண்டு நின்றிருக்கலாம். ஹோஸ்ட் நன்றாக ஓடிக்கொண்டிருக்க, அதன் நெட்வொர்க் மட்டும் செத்திருக்கலாம். அல்லது ஹோஸ்ட் கர்னலே நின்றிருக்கலாம். நான்குக்கும் காரணம் வேறு, தீர்வு வேறு. ஒன்றுக்கான தீர்வை இன்னொன்றுக்குப் போட்டுப் பார்ப்பதில்தான் மாதக்கணக்கில் நேரம் போகிறது. ரேமை மாற்றியதும் மறுபடி நிறுவியதும் அப்படிப் போனவைதான்.

ஆகவே அடுத்த முறை ஹேங் ஆனதும் பவர் பட்டனைத் தொடாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து ஹோஸ்டின் முகவரிக்கு பிங் அடியுங்கள். பதில் வந்தால் எஸ்.எஸ்.ஹெச் என்ற தொலைக் கட்டளை இணைப்பு வழியாக உள்ளே போங்கள். வரவில்லை என்றால் சர்வரில் ஒரு கீபோர்டை மாட்டி கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிறதா என்று பாருங்கள். விளக்கு மாறினால் கர்னல் உயிரோடு இருக்கிறது, போனது நெட்வொர்க் மட்டும்தான் என்று கிட்டத்தட்ட முடிவு செய்யலாம். ஒரு எச்சரிக்கை: சர்வரில் உள்ள எல்லா யு.எஸ்.பி கன்ட்ரோலரையும் வி.எம்-க்குக் கொடுத்திருந்தால் இந்தச் சோதனை செல்லாது.

பிங் வராமல் விளக்கு மட்டும் மாறுகிறது என்றால், பலருடைய "ஹோஸ்ட் ஹேங்" எதுவென்று சொல்லிவிடுகிறேன். இன்டெல் ஆன்போர்டு நெட்வொர்க் சிப் உள்ள போர்டுகளில் இ1000இ ட்ரைவர் "டிடெக்டட் ஹார்டுவேர் யூனிட் ஹேங்" என்று லாகில் வரிசையாக எழுதிவிட்டு இணைப்பை விட்டுவிடும். வெப் பக்கம் திறக்காது, எந்த வி.எம்-உம் எட்டாது. ஆனால் உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஈத்டூல் கட்டளையால் அந்தப் போர்ட்டில் டி.எஸ்.ஓ, ஜி.எஸ்.ஓ என்ற பாக்கெட் பிரிக்கும் வசதிகள் இரண்டையும் நிறுத்திவிட்டால் பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். பாஸ்த்ரூவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எஸ்.எஸ்.ஹெச் கிடைத்தால் நல்ல காலம். க்யூ.எம் ஸ்டேட்டஸ் கட்டளையை வி.எம் எண்ணோடும் வெர்போஸ் ஆப்ஷனோடும் ஓட்டுங்கள். வருகிற நீளமான பதிலில் க்யூ.எம்.பி ஸ்டேட்டஸ் என்று ஒரு வரி இருக்கும். வெப் பக்கத்தில் பச்சையாகத் தெரிகிற வி.எம்-க்கு இந்த வரியில் வேறு கதை இருக்கலாம்.

"ஐ.ஓ எரர்" என்று இருந்தால், டிஸ்க்கில் எழுத முடியாததால் க்யூஎமுவே வி.எம்-ஐ நிறுத்தி வைத்திருக்கிறது. பெரும்பாலான நேரம் எல்.வி.எம் தின் பூல் (வி.எம் டிஸ்க்குகளுக்கான பொது இடம்) நிரம்பியிருக்கும். 200 ஜிபி பூலில் 300 ஜிபிக்கு டிஸ்க்குகள் உருவாக்க தின் பூல் அனுமதிக்கும். உண்மையில் நிரம்பும் நாளில் நிற்கும். "சஸ்பெண்டட்" என்று இருந்தால் விண்டோஸ் தூங்கிவிட்டது. இது கேட்க அற்பமாகத் தெரியும், ஆனால் நிறையப் பேருக்கு இதுதான் விடை. விண்டோஸின் பவர் அமைப்பு நேரம் பார்த்து ஸ்லீப்புக்குப் போகிறது. பாஸ்த்ரூ கார்டு அதிலிருந்து ஒழுங்காக எழுவதில்லை. திரை கருப்பு, ரிமோட் டெஸ்க்டாப் இல்லை. வி.எம்-க்குள் ஸ்லீப், ஹைபர்னேட், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மூன்றையும் அணைத்துவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை, இன்றே செய்துவிடலாம்.

"ரன்னிங்" என்றே இருந்தால் டாப் கட்டளையில் அந்த வி.எம்-இன் கே.வி.எம் ப்ராசஸைப் பாருங்கள் (க்யூஎமுதான் அந்தப் பெயரில் தெரியும்). ஒன்றிரண்டு கோர்களை முழுதாகத் தின்றுகொண்டிருந்தால் கெஸ்ட் (வி.எம்-க்குள் ஓடும் ஓ.எஸ்) உள்ளே எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. சிபியூ கிட்டத்தட்ட பூஜ்யம் என்றால் கெஸ்ட் எதற்கோ காத்திருக்கிறது, அநேகமாக டிஸ்க்குக்கோ வராமல் போன இன்டரப்டுக்கோ. இந்த நிலையில் க்யூ.எம் மானிட்டருக்குள் போய் என்.எம்.ஐ என்ற கட்டளையைக் கொடுத்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டி மெமரி டம்ப் எழுதும். எந்த ட்ரைவரில் நின்றது என்று பிறகு அதிலிருந்து பார்க்கலாம். ஹேங் ஆன விண்டோஸைப் பேச வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது.

க்யூ.எம் கட்டளையே பதில் சொல்லாமல் "க்யூ.எம்.பி கமாண்ட் ஃபெய்ல்டு, காட் டைம்அவுட்" என்று திரும்பினால் க்யூஎமு மாட்டிக்கொண்டிருக்கிறது. பி.எஸ் கட்டளையில் அதன் நிலை "டி" என்று இருந்தால், கர்னலுக்குள் ஒரு வேலை முடியக் காத்திருக்கிறது என்று பொருள். கில் மைனஸ் 9 கொடுத்தாலும் சாகாது. இங்கேதான் பாஸ்த்ரூ சாதனத்தின் மேல் நியாயமான சந்தேகம் வருகிறது. இன்னொரு குற்றவாளியும் இங்கேதான் இருக்கிறது. உங்கள் அமைப்பைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான்.

ட்ரூநாஸ் வி.எம்-இல் இருக்கும் இடத்தை என்.எஃப்.எஸ் (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் முறை) வழியாக ஹோஸ்டிலேயே ஸ்டோரேஜாகச் சேர்த்திருக்கிறீர்களா? தினசரி பேக்கப் அங்கே போகிறதா? கேள்வியில் இது இல்லை. ஆனால் இப்படி அமைப்பு உள்ள பெரும்பாலோர் செய்திருப்பார்கள், ஏனென்றால் பெரிய டிஸ்க்குகள் அங்கேதான் இருக்கின்றன. செய்திருந்தால் நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

இரவு பேக்கப் தொடங்குகிறது. எல்லா வி.எம்-களும் பட்டியலில் இருக்கின்றன, ட்ரூநாஸும் உட்பட. ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்-ஐ பேக்கப் எடுக்கும்போது க்யூஎமு ஒரு விதியைக் கடைப்பிடிக்கிறது: இன்னும் நகலெடுக்காத ஒரு ப்ளாக்கின் மேல் கெஸ்ட் புதிதாக எழுத வந்தால், பழைய ப்ளாக்கை முதலில் பேக்கப் இடத்துக்கு அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்ந்த பிறகே புதியதை எழுத விடும். ட்ரூநாஸ் தன் பூட் டிஸ்க்கில் ஏதோ ஒரு லாகை எழுதப் பார்க்கிறது. க்யூஎமு அதை நிறுத்தி, பழைய ப்ளாக்கை என்.எஃப்.எஸ்-க்கு அனுப்புகிறது. அந்த என்.எஃப்.எஸ்-ஐத் தருவது யார்? இப்போது நிறுத்தப்பட்டிருக்கும் அதே ட்ரூநாஸ். அது எழுதி முடித்தால்தான் பேக்கப் நகரும். பேக்கப் நகர்ந்தால்தான் அது எழுத முடியும். சில இரவுகளில் எழுத்து குறைவாக இருப்பதால் தப்பித்துவிடும், சில இரவுகளில் மாட்டும். "சில நாளைக்கு ஒருமுறை, இரவில்" என்பதற்கு இது அப்படியே பொருந்துகிறது.

அப்புறம் அது ஹோஸ்டுக்குப் பரவும். என்.எஃப்.எஸ் பொதுவாக ஹார்ட் மவுன்ட். சர்வர் திரும்பி வரும்வரை விடாமல் காத்திருக்கும். அந்த மவுன்ட்டைத் தொடுகிற ஒவ்வொரு ப்ராசஸும் "டி" நிலைக்குப் போகும். ப்ராக்ஸ்மாக்ஸின் நிலவரம் சேகரிக்கும் சேவையும் அதில் மாட்டும். வெப் பக்கத்தில் எல்லா வி.எம் மேலும் சாம்பல் நிறக் கேள்விக்குறி விழும். லோட் ஆவரேஜ் 20, 30 என்று ஏறிக்கொண்டே போகும், சிபியூ மட்டும் சும்மா இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு "எல்லாம் ஹேங்". ஆனால் ஹார்டுவேரில் ஒரு பழுதும் இல்லை. ரேமை எத்தனை முறை மாற்றினாலும் இது போகாது.

இதைச் சோதிக்க ஒரு வாரம் போதும். ட்ரூநாஸை பேக்கப் பட்டியலிலிருந்து எடுங்கள். அந்த என்.எஃப்.எஸ் ஸ்டோரேஜை ஹோஸ்டில் டிசேபிள் செய்யுங்கள். பேக்கப்பை ஒரு யு.எஸ்.பி டிஸ்க்குக்கோ வேறு கம்ப்யூட்டருக்கோ திருப்புங்கள். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.2-இலிருந்து பேக்கப்பில் ஃப்ளீசிங் என்ற வசதி வந்திருக்கிறது. பழைய ப்ளாக்கை உள்ளூர் டிஸ்க்கில் தற்காலிகமாக வைத்துக்கொண்டு கெஸ்டை உடனே விட்டுவிடும். மெதுவான பேக்கப் இடங்களுக்கு அது நல்ல வசதி. ஆனால் ஒரு வி.எம் தன்னையே தன்னிடம் பேக்கப் எடுப்பதை நான் அதை நம்பி விடமாட்டேன். அந்த வி.எம் அழிந்தால் பேக்கப்பும் சேர்ந்து போகிற அமைப்பு எதற்கு?

அடுத்து ரேம் கணக்கு. சாதாரண வி.எம்-க்கு 16 ஜிபி என்று எழுதினால் அது பயன்படுத்துகிற அளவுக்குத்தான் ஹோஸ்ட் கொடுக்கும். பாஸ்த்ரூ உள்ள வி.எம்-க்கு அப்படி இல்லை. சாதனம் கெஸ்டின் எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் நேராக எழுதலாம் என்பதால், முழு ரேமும் ஆரம்பத்திலேயே ஒதுக்கப்பட்டு இடம் மாறாமல் பூட்டப்படும். பலூனிங் (பயன்படாத ரேமைத் திரும்ப வாங்கும் வசதி) டிக் செய்திருந்தாலும் எதுவும் திரும்பி வராது, டிஸ்க்கில் உள்ள ஸ்வாப்புக்கும் போகாது. உங்களிடம் 16-உம் 12-உம் சேர்த்து 28 ஜிபி பூட்டு. மிச்சம் 4 ஜிபியில் ப்ராக்ஸ்மாக்ஸ், க்யூஎமுவின் சொந்தச் செலவு, மற்ற கன்டெய்னர்கள், அதற்கு மேல் ஹோஸ்ட் இசட்.எஃப்.எஸ் ஃபைல்சிஸ்டம் மேல் நிறுவப்பட்டிருந்தால் அது ரேமில் வைக்கும் ஏ.ஆர்.சி கேஷ். 8.1-க்கு முன் நிறுவிய ப்ராக்ஸ்மாக்ஸில் ஏ.ஆர்.சி பாதி ரேம் வரை வளர விடப்பட்டிருந்தது. 8.1-இலிருந்து புதிதாக நிறுவும்போது 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று வைக்கிறார்கள். பழையதிலிருந்து அப்கிரேட் செய்தவர்களுக்குப் பழைய அளவே தொடரும்.

ரேம் தீர்ந்தால் ஓ.ஓ.எம் கில்லர் பெரிய ப்ராசஸைக் கொல்லும், அது கே.வி.எம் ஆகத்தான் இருக்கும். அப்போது வி.எம் "ஸ்டாப்டு" என்று இருக்குமே தவிர ஹேங் ஆகாது. ஆனால் கொல்வதற்கு முன் ஹோஸ்ட் ஸ்வாப்பில் தத்தளிக்கிற அந்தச் சில நிமிடங்கள் பார்ப்பதற்கு முழு ஹேங் மாதிரியே இருக்கும். விண்டோஸை 12-க்கும் ட்ரூநாஸை 8-க்கும் குறைத்துவிட்டு சில நாள் ஓட்டிப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு நான்கு டிஸ்க் ட்ரூநாஸ் 8 ஜிபியில் நன்றாகவே ஓடும்.

இப்போது பாஸ்த்ரூ சாதனங்களுக்கு வருவோம். பாஸ்த்ரூவுக்கு அடிப்படையான வி.எஃப்.ஐ.ஓ லினக்ஸில் வந்தது 2012-இல், கர்னல் 3.6-இல். அது ஐ.ஓ.எம்.எம்.யூ-வைக் கொண்டு, கெஸ்டுக்குக் கொடுத்த சாதனம் கெஸ்டின் நினைவகத்தைத் தவிர வேறெங்கும் கை வைக்காமல் பார்த்துக்கொள்கிறது. அந்தக் காவல் நினைவகத்துக்கு மட்டும்தான். சாதனத்தின் மின்சாரம், பி.சி.ஐ.இ லிங்க் (கார்டுக்கும் போர்டுக்கும் இடையிலான இணைப்பு), ரீசெட் மூன்றும் அந்தக் காவலுக்கு வெளியே இருக்கின்றன. கெஸ்டில் உள்ள ட்ரைவர் கார்டை ஒரு மோசமான நிலைக்குத் தள்ளிவிட்டால், அதன் விளைவு போர்டில் தெரியும், அதன் வழியாக ஹோஸ்டிலும் தெரியும். "வி.எம்-க்குள் நடப்பது ஹோஸ்டை பாதிக்காது" என்ற வழக்கமான நம்பிக்கையை பாஸ்த்ரூ கொடுத்த நிமிடமே கைவிட்டுவிட வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டில் முதலில் பார்க்க வேண்டியது ரீசெட். வி.எம் அணைந்து மறுபடி கிளம்பும்போது கார்டும் புதிதாகத் தொடங்க வேண்டும். வீட்டு உபயோகக் கார்டுகள் பலவற்றில் அதற்கான எஃப்.எல்.ஆர் என்ற முறையான வசதி இல்லை; லிங்க்கையே ரீசெட் செய்து சமாளிக்கிறார்கள். ஏ.எம்.டி-யின் போலாரிஸ், வேகா, முதல் நேவி தலைமுறைக் கார்டுகளில் அதுவும் சரியாக வேலை செய்யாது என்பது நன்கு அறியப்பட்ட பிரச்சினை. அடையாளம் தெளிவாக இருக்கும்: ஹோஸ்டை பூட் செய்தபின் முதல் முறை வி.எம் அழகாகக் கிளம்பும், வி.எம்-ஐ ரீஸ்டார்ட் செய்தால் கார்டு எழாது, சில போர்டுகளில் ஹோஸ்டையும் இழுத்துக்கொண்டு போகும். "நான் ரீஸ்டார்ட் செய்யவே இல்லையே" என்பீர்கள். விண்டோஸ் அப்டேட் செய்யும். ராத்திரி மூன்று மணிக்குத் தானாக. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் ஹேங் ஆன நேரத்துக்குச் சற்று முன் ஒரு ரீஸ்டார்ட் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தேடல் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. அந்தக் கார்டுகளுக்காகவே எழுதப்பட்ட வெண்டர்-ரீசெட் என்ற கர்னல் மாட்யூல் இருக்கிறது. கர்னலை அப்டேட் செய்யும்போதெல்லாம் அது கூடவே பில்ட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கார்டின் ஹெச்.டி.எம்.ஐ ஆடியோ பகுதியையும் சேர்த்தே வி.எம்-க்குக் கொடுங்கள், ப்ராக்ஸ்மாக்ஸில் "ஆல் ஃபங்ஷன்ஸ்" டிக் அதற்குத்தான்.

ஹோஸ்டின் டிமெசேஜ் என்ற கர்னல் லாகில் சில வரிகளைக் கண்ணால் அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். "டி3கோல்டிலிருந்து டி0-வுக்கு மாற்ற முடியவில்லை, சாதனம் எட்டவில்லை" என்ற பொருளில் வி.எஃப்.ஐ.ஓ ஒரு வரி எழுதும். கார்டு ஆழ்ந்த மின்சேமிப்புக்குப் போய்த் திரும்பவில்லை என்று பொருள். வி.எஃப்.ஐ.ஓ-பி.சி.ஐ மாட்யூலில் டிசேபிள் ஐடில் டி3 என்ற ஆப்ஷனை 1 என்று வைத்துப் பார்க்கலாம். "பார் 3: கான்ட் ரிசர்வ்" என்று ஒரே வரி ஆயிரக்கணக்கில் கொட்டினால், ஹோஸ்ட் பூட் ஆகும்போது திரை காட்டுவதற்காக எடுத்துக்கொண்ட கார்டு நினைவகத்தை இன்னும் விடவில்லை. அந்த லாக் வெள்ளமே ரூட் டிஸ்க்கை நிரப்பிவிடும். சிஸ்எஃப்பி இனிட் என்பதை இனிட்கால் ப்ளாக்லிஸ்ட் என்ற கர்னல் ஆப்ஷனில் போடுவது அதற்கான தீர்வு.

எந்தச் சாதனமானாலும் நான் முதலில் தேடுவது இன்னொன்று: லாகில் வரும் மதிப்புகள் முழுக்க எஃப் எழுத்தாக இருக்கின்றனவா என்று. என்.வி.எம்.இ டிஸ்க்காக இருந்தால் "கன்ட்ரோலர் இஸ் டவுன்" என்ற வரியில் சி.எஸ்.டி.எஸ் என்ற ஸ்டேட்டஸ் மதிப்பு எட்டு எஃப் என்று வரும். எட்டு எஃப் என்றால் எல்லா பிட்டும் 1. உண்மையான எந்த ஸ்டேட்டஸும் அப்படி இருக்காது. பி.சி.ஐ.இ-யில் கேட்ட கேள்விக்கு மறுமுனையிலிருந்து பதிலே வராதபோது, சிபியூ பக்கமுள்ள ரூட் காம்ப்ளெக்ஸ் எல்லா பிட்டையும் 1 என்று நிரப்பிக் கொடுக்கிறது. ஆக சாதனம் தப்பான பதில் சொல்லவில்லை, பஸ்ஸிலேயே இல்லை. என்விடியா கார்டு உள்ள லினக்ஸ் கெஸ்டில் இதே விஷயம் "எக்ஸ்.ஐ.டி 79" என்ற எண்ணோடு, கார்டு பஸ்ஸிலிருந்து விழுந்துவிட்டது என்ற செய்தியாக வரும். இதைப் பார்த்தபின் வி.எம் அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பது வீண். பவர் சப்ளை, கார்டுக்குப் போகும் மின் கேபிள், ரைசர் (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி மாட்டும் நீட்டிப்பு), ஸ்லாட், வெப்பம் என்று கையால் தொடக்கூடியவற்றைப் பாருங்கள். ரைசர் கேபிள் இருந்தால் எடுத்துவிட்டு நேராக ஸ்லாட்டில் மாட்டுங்கள். பயாஸில் அந்த ஸ்லாட்டின் வேகத்தை ஜென் 4-லிருந்து ஜென் 3-க்கு இறக்குங்கள். ஏ.எஸ்.பி.எம் என்ற லிங்க் மின்சேமிப்பை அணையுங்கள். ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றுக்கும் இடையே போதிய நாள் விட்டு.

ஹெச்.பி.ஏ கார்டுக்கு வெப்பம்தான் பெரிய எதிரி. 9211-8ஐ போன்ற பழைய எல்.எஸ்.ஐ கார்டுகள் ரேக் சர்வரின் பலத்த காற்றோட்டத்தில் இருக்க வடிவமைக்கப்பட்டவை. அமைதியான வீட்டு கேபினட்டில் அந்தச் சின்ன ஹீட்சிங்க்கின் மேல் காற்றே படாது. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில், பூட்டிய அறையில், தொட்டால் விரல் வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அறிகுறி என்னவென்றால், ஒரு டிஸ்க் மட்டும் போகாது, நான்கும் ஒரே நொடியில் காணாமல் போகும். கெஸ்ட் லாகில் "எஸ்.ஏ.எஸ் ஹோஸ்ட் இஸ் நான்-ஆபரேஷனல்" என்று வரும். ஹீட்சிங்க் மேல் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்றைத் திருகிவிடுங்கள். செலவு சில நூறு ரூபாய். இந்தக் கார்டுக்கு இதைவிட நல்ல முதலீடு கிடையாது. ஃபர்ம்வேர் ஐ.டி மோடில் (ரெய்டு இல்லாமல் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் நிலை), 20.00.07.00 பதிப்பில் இருக்கட்டும். 20 வரிசையின் முந்தைய பதிப்புகளில் கோளாறுகள் இருந்தன.

இதே கார்டைப் பற்றி ஒன்று, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஹோஸ்ட் பூட் ஆகும்போது அதன் எம்.பி.டி3சாஸ் ட்ரைவர் முந்திக்கொண்டு அந்த டிஸ்க்குகளைப் பிடித்து, உள்ளே இருக்கும் இசட்.எஃப்.எஸ் பூலை ஹோஸ்டிலேயே இம்போர்ட் செய்துவிடலாம். அதன்பின் ட்ரூநாஸும் அதையே திறந்தால் ஒரே பூலை இரண்டு கர்னல்கள் எழுதும். பூல் மீட்க முடியாமல் போகும். ஹெச்.பி.ஏ-வின் அடையாள எண்ணை (சாதன ஐ.டி) வி.எஃப்.ஐ.ஓ-வுக்கு எழுதி வைத்து, எம்.பி.டி3சாஸ் அதற்குப் பிறகே லோட் ஆகும்படி சாஃப்ட்டெப் வரி சேர்த்து, பூட் தொடக்கத்தில் லோட் ஆகும் இனிட்ராம்எஃப்எஸ்-ஐப் புதுப்பித்துவிடுங்கள். எல்.எஸ்.பி.சி.ஐ கட்டளையில் அந்தக் கார்டுக்கு நேரே "வி.எஃப்.ஐ.ஓ-பி.சி.ஐ" என்று தெரிந்தால்தான் வேலை முடிந்தது.

வி.எம்-ஐ ஸ்டார்ட் செய்த நொடியிலேயே ஹோஸ்ட் மறைந்தால் காரணம் வேறு. ரைசனுக்கான ஏ.எம்.4 போர்டுகளில் சிபியூவோடு நேராக இணைந்த முதல் ஸ்லாட்டுக்குத் தனி ஐ.ஓ.எம்.எம்.யூ குழு இருக்கும். சிப்செட் வழியாகப் போகும் கீழ் ஸ்லாட்டோ பெரும்பாலும் ஆன்போர்டு நெட்வொர்க், சாட்டா, சில யு.எஸ்.பி போர்ட்டுகளோடு ஒரே குழுவில் கிடக்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் குழுவை முழுதாக வி.எஃப்.ஐ.ஓ-வுக்கு மாற்றும். ஹெச்.பி.ஏ-வைக் கொடுத்தேன் என்று நினைப்பீர்கள், ஹோஸ்டின் நெட்வொர்க்கும் பூட் டிஸ்க்கும் கூடவே போயிருக்கும். நேற்றுவரை நன்றாக இருந்து, புது என்.வி.எம்.இ மாட்டிய பின் இப்படி ஆனால் பஸ் எண்கள் நகர்ந்திருக்கின்றன. வி.எம் அமைப்பில் எழுதிய பழைய முகவரியில் இப்போது வேறு சாதனம் உட்கார்ந்திருக்கிறது. ப்ராக்ஸ்மாக்ஸ் 8-இல் வந்த ரிசோர்ஸ் மேப்பிங் வழியாகச் சாதனத்தைக் கொடுத்தால், முகவரியும் ஐ.டி-யும் ஒத்துப்போகாதபோது வி.எம் கிளம்பாமல் நிற்கும். இதற்காகவே அதற்கு மாறலாம்.

ஹோஸ்ட் முழுவதும் செத்து, லாகில் ஒரு வரியும் இல்லை என்றால்தான் கடினம். கர்னல் நின்ற பிறகு கடைசி விநாடிகளின் செய்தி டிஸ்க்குக்குப் போய்ச் சேருவதில்லை. அதனால் நெட்கன்சோல் வையுங்கள்: கர்னல் செய்திகளை அப்படியே யு.டி.பி-யில் இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒரு ராஸ்பெரி பை போதும். ப்ராக்ஸ்மாக்ஸில் நெட்வொர்க் போர்ட் ப்ரிட்ஜில் (வி.எம்-களை நெட்வொர்க்கோடு இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) சேர்ந்திருப்பதால், நெட்கன்சோலுக்கு ப்ரிட்ஜின் பெயரைக் கொடுக்க வேண்டும். போர்ட்டின் பெயரைக் கொடுத்தால் ஏற்காது.

நெட்கன்சோலிலும் ஒன்றும் வராமல், அதுவும் வேலையில்லாத நேரத்தில்தான் நிற்கிறது என்றால், முதல் தலைமுறை ரைசனில் உடனே பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பயாஸில் "பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்" என்பதை "டிபிகல் கரன்ட் ஐடில்" என்று மாற்றுங்கள். ப்ராசஸர் சும்மா இருக்கும்போது மின்சாரம் மிகக் குறைவாகப் போய் அப்படியே நின்றுவிடுகிற பழைய கோளாறுக்கான அமைப்பு அது. ஐடில் நேரத்தில் சில வாட் கூடும், அதனால் பாதகமில்லை. ஏ.எம்.டி மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஏற்றப்படும் திருத்தங்கள்) தொகுப்பையும் நிறுவுங்கள். ப்ராக்ஸ்மாக்ஸுக்கு அடித்தளமான டெபியனில், 12-இலிருந்து அது நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்ற தனிப் பிரிவில் இருப்பதால் பலர் நிறுவாமலே விட்டிருக்கிறார்கள். இதைப் படிக்கிற யாரிடமாவது இன்டெல் என்5105 மினி பி.சி இருந்து, பாஸ்த்ரூ இல்லாத வி.எம்-களும் காரணமின்றி நிற்கின்றன என்றால், அவர்களுக்கும் முதல் படி மைக்ரோகோட்தான். அந்தச் சிப்பில் இதே தொல்லை பலருக்கு இருந்தது, மைக்ரோகோடும் புதிய கர்னலும் சேர்ந்து தீர்த்தன.

உங்கள் மெஷினுக்கு நான் போகிற வரிசை இது. இன்று: ஆப்ஷன்களை நீக்கி, விண்டோஸ் ஸ்லீப்பை அணைத்து, என்.எஃப்.எஸ் பேக்கப்பை நிறுத்தி, ரேமைக் குறைத்து, நெட்கன்சோல் வைப்பது. வழக்கமாக ஹேங் ஆகிற இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு நாள் அப்படியே விடுவது. அதிலும் நின்றால், விண்டோஸ் வி.எம்-இலிருந்து கிராபிக்ஸ் கார்டை மட்டும் எடுத்துவிட்டு அதே காலம் ஓட்டுவது. அப்போது நிற்கவில்லை என்றால் கார்டு, அதன் ரீசெட், அதன் மின்சாரம் என்று அந்தப் பக்கமே தோண்டலாம். அப்போதும் நின்றால் கார்டைத் திரும்ப மாட்டிவிட்டு, ஹெச்.பி.ஏ-வின் சூட்டையும் ஸ்லாட்டையும் பார்ப்பது.

நடுவில் எப்போது ஹோஸ்ட் நின்றாலும், கேப்ஸ் லாக் விளக்கு மாறுகிற நிலையில் இருந்தால் பவர் பட்டனுக்குப் பதில் ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி என்ற எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் அழுத்துங்கள். எழுதாமல் நிற்பதை டிஸ்க்குக்கு அனுப்பி, ஃபைல்சிஸ்டங்களைப் படிக்க மட்டும் என்று மாற்றி, அதன்பின் ரீபூட் செய்யும். டெபியனில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. மெஷின் திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஜர்னல்சிடிஎல் கட்டளையில் முந்தைய பூட்டின் கர்னல் லாகை ஒரு ஃபைலில் எடுத்து வைத்துவிடுங்கள், வி.எம்-களைக் கிளப்புவதற்கு முன்பே.